அடக்கும் மாத்திரையும் பூட்டிக் கிடந்த கழிவறையும்

கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டிலிருந்து யாராவது வருவார்களா என்று சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என்னைக் கேட்டார். வரமாட்டார்கள்தான். நானும் சுற்றிப் பார்க்க வரவில்லை, வேலைக்கு வந்தேன். மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் எங்கள் நிறுவனம் அங்கே ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வால்வுகள் வாங்குகிறது. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் அவை ஒழுகாமல் இருக்கின்றனவா என்று ஒருவர் கண்ணால் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒருவர் நான். ஐம்பது தாண்டிவிட்டது. மூட்டு நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது. மூத்திரப்பை மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

ஈப்போ டாக்டர் சொன்னபடி, பை பாதிகூட நிறைந்திருக்காது. அதற்குள் அதன் தசை தானாகச் சுருங்கி, இப்போதே, இப்போதே என்று கூச்சல் போடும். நான் பேருந்தில் இருக்கிறேனா, கோயிலில் இருக்கிறேனா என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை. சர்க்கரை இல்லை, கிருமி இல்லை, கல் இல்லை. எல்லாம் பார்த்தாயிற்று. சில பெண்களுக்கு இந்த வயதில் இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முதலில் கொடுத்தது ஆக்ஸிபியூட்டினின். பழைய மாத்திரை. பை அடங்கியது, பொய் சொல்லக் கூடாது. கூடவே எச்சிலும் அடங்கியது. வாயில் எச்சில் ஊறுவது எவ்வளவு பெரிய வரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயைக் கடித்தால் காகித அட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. மலச்சிக்கல் தனி. மத்தியானமானால் கண்ணைச் சொருகும். படிக்கப் போனால் எழுத்து மங்கும். அழுத்த மானியின் முள்ளைப் பார்த்துச் சம்பாதிக்கிறவளுக்குக் கண் மங்கினால் விளங்குமா? வாய் காய்கிறதே என்று தண்ணீர் குடிப்பேன். தண்ணீர் குடித்தால் அப்புறம் எங்கே ஓடுவேன்? அதற்குத்தானே அந்த மாத்திரையையே விழுங்குகிறேன்! செக்குமாடு மாதிரி இதிலேயே சுற்றிச் சலித்து, டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். டால்டரோடின் என்று வேறொன்று தந்தார். மெதுவாகக் கரைகிற வகை, நாளுக்கு ஒன்று. வாய் காயத்தான் செய்யும், ஆனால் மனுஷியாக நடமாடலாம். பழையதில் முழுதாக ஓர் அட்டை மீந்திருந்தது. பாழாய்ப்போன சிக்கனப் புத்தி, அவசரத்துக்கு ஆகும் என்று அதையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். வால்வுக்குள் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கிறவர் நடுவில் நகர்ந்தால் சோதனை செல்லாது, மறுபடி முதலிலிருந்து. போன தடவை வேறோர் ஊரில் நான் இரண்டு முறை நடுவில் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் மேலாளர் ஒரு சீனர், நல்ல மனிதர். இன்னொரு முறை இப்படி நடந்தால் நீங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லித்தான் டிக்கெட்டைக் கொடுத்தார். கணவர் போய்விட்டார். பெண்கள் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கென்று மிச்சமிருப்பது இந்த அலைச்சல் ஒன்றுதான். அதையும் ஒரு மூத்திரப்பை பிடுங்கிக்கொள்ளப் பார்த்தால் வயிறு எரியுமா எரியாதா?

தொழிற்சாலை அனுப்பிய காரை ஓட்டியவர் சீனு. ஆந்திர எல்லையை ஒட்டி ஆரம்பாக்கத்துப் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். செங்குன்றம் தாண்டுவதற்குள் லாரிகள் முன்னும் பின்னும் அடைத்துக்கொண்டன. எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை நிறுத்துமிடம் வரும். கழிவறை இருக்கும், தண்ணீர் வரும், வாசலில் நெத்திலி வறுவலும் வாழைப்பழப் பஜ்ஜியும் விற்பார்கள். இங்கே பஜ்ஜி மட்டும்தான் இருந்தது. முதல் பெட்ரோல் பங்கில் கழிவறை பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம், முதலாளி பொன்னேரியில். இரண்டாவது பங்கில் பூட்டு இல்லை, ஏனென்றால் கதவே இல்லை. மூன்றாவதில் எனக்குக் கண்ணீர் வராத குறை. நல்லவேளை, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே இட்டுப்போனார்.

காருக்குத் திரும்பியபோது சீனு மனைவியோடு செல்போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். "மலேசியாவிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கு. ஓடுற வண்டிய நிறுத்து நிறுத்துன்னு உயிரை வாங்குது. வயித்துல ஏதோ கோளாறு போல. எனக்குச் சோறு எடுத்து வைக்காதே, நான் வீடு வந்து சேர விடிஞ்சிடும்" என்றார். நான் பிறந்த தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயம் முழுக்கத் தெலுங்கர்கள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. "வயிறு இல்லை, அதுக்குக் கீழே" என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். அதற்கப்புறம் சீனு, நான் கேட்காமலே வசதியான இடமாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார்.

விருந்தினர் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பம் ஒன்றிலிருந்து கேரியர் வந்திருந்தது. எறா வறுவல். மணம் மாடிவரை வந்தது. வாயில் ஒரு சொட்டு எச்சில் இல்லை. ஒவ்வொரு எறாவையும் மோர் ஊற்றி ஊற்றி இறக்கினேன். இதைச் சமைத்த கை இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் என்னைச் சபித்திருக்கும்.

மறுநாள் காலை நாஷ்டா பொங்கலும் வடகறியும். பொங்கல் வழுக்கிக்கொண்டு இறங்கியதால் அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் தொழிற்சாலையில் தொடங்கியது.

மானேஜர் சுந்தரம் தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். மாலை போட்டு வரவேற்றார். கழிவறை எங்கே என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு மேடம் பொதுப் பாத்ரூம்? என் ரூமோட அட்டாச்டு இருக்கு, அத யூஸ் பண்ணிக்கோங்க" என்றார். பெருந்தன்மைதான். ஆனால் அந்த அறையில் காலையிலிருந்து மாலைவரை ஓயாத கூட்டம். நான் கதவைத் திறந்தால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். வணக்கம் சொல்வார்கள். நான் உள்ளே போவேன். அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு மரியாதையாக மௌனமாக இருப்பார்கள். அந்த மௌனத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்தால் மறுபடி எல்லாரும் எழுந்திருப்பார்கள், மேசை மேல் எனக்காக ஒரு டீ காத்திருக்கும். டீயைக் கண்டாலே என் பைக்குப் பித்துப் பிடிக்கும், டாக்டர் விலக்கச் சொன்னதே அதைத்தான். வேண்டாம் என்றால் மானேஜர் முகம் வாடியது. "எங்க ஊரு டீ புடிக்கலீங்களா?" குடித்தேன். குடித்ததால் மறுபடி போனேன். மறுபடி எழுந்து நின்றார்கள், மறுபடி டீ. என் தலையெழுத்தை நொந்துகொண்டேன்.

எனக்குத் துணையாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். தேவகி, நாற்பத்தைந்து இருக்கலாம். கோர் செக்ஷனில் வேலை. வார்ப்புக்கு உள்ளே வைக்கிற மணல் அச்சுகளைப் பிடித்து, அடுப்பில் சுட்டு எடுக்கும் பிரிவு அது. அங்கே முழுக்கப் பெண்கள், பாதிப் பேர் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள். தேவகி என் கைப்பையை என்னிடமிருந்து பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். மத்தியானம்வரை அவள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கத்திரி வெயில், பக்கத்தில் உலை.

"தண்ணி குடிக்கலையா தேவகி?"

"குடிச்சா எங்க மேடம் போறது?" என்று சிரித்தாள். "காலீல ஊட்ல ஒரு தபா. சாய்ந்தரம் ஊட்டுக்குப் போய் ஒரு தபா. நடுவுல தண்ணியத் தொடவே மாட்டோம். ரயில்லயும் எடம் கெடயாது, இங்கயும் கெடயாது."

"பெண்கள் கழிவறைன்னு போர்டு பார்த்தேனே?"

"போர்டு கீது. உள்ள பெயின்ட் டப்பாவும் மரப்பொட்டியும் கீது. வந்த புதுசுல தொறந்துதான் இருந்துச்சு. அப்பால சரக்கு வெக்க எடம் இல்லன்னு பூட்டிக்கினாங்க. கேட்டா, நாளிக்கி நாளிக்கின்றாங்க. சில பொண்ணுங்களுக்கு நீர்க்கடுப்பு வந்து ஒரே பேஜாரு."

அவள் சொன்ன விதத்தில் புகாரே இல்லை. எனக்குத்தான் தலைக்கு மேல் ஏறியது. அந்தக் கோபத்தில், என் மாத்திரையைப் பற்றி அவளிடம் சொன்னேன். மகள்களிடம்கூடச் சொல்லாத விஷயம். எங்கே போனாலும் அவசரம், இதைப் போட்டால் அடங்கும் என்று கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளையும் காட்டினேன். தேவகி கண்ணை விரித்தாள். "மெய்யாலுமா? அடக்குறதுக்கின்னே மாத்திரை கீதா? எப்பேர்ப்பட்ட ஊரு மேடம் உங்குளுது!" அவள் வியந்ததை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அடுத்த நாள் திருவள்ளூர் போக வேண்டியிருந்தது. எங்கள் வால்வுகளைக் கடைசல் பிடிப்பது அங்கே ஒரு பட்டறையில். தேவகியும் வந்தாள். பெரியபாளையம் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. "நேத்துதான் மேடம் செக் பண்ணேன்" என்று சீனு சத்தியம் செய்தார். பட்ட காலிலேயே படும் என்பது இதுதான். அவர் டயரை உருட்டிக்கொண்டு போக, நாங்கள் ஒரு தர்பூசணிக் கொட்டகையில் ஒதுங்கினோம். விற்கிற அம்மாள் நாங்கள் நிழலுக்கு வந்தோம் என்பதற்காகவே ஆளுக்கொரு கீற்றை நீட்டினாள். தர்பூசணி! அதற்குப் பதிலாகத் தண்ணீர்க் குடத்தையே என் வாயில் கவிழ்த்திருக்கலாம். வாய் காய்ந்து கிடந்ததால் அதையும் தின்றேன். விளைவைச் சீக்கிரமே அனுபவித்தேன். கொட்டகைக்குப் பின்னால் தேவகி தன் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு, சாலையில் போகிற லாரிக்காரர்களைப் பார்த்து, "இன்னாடா லுக்கு, வண்டிய ஓட்டு!" என்று அதட்டினாள். எனக்கு அவமானமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

திருவள்ளூரில் பட்டறை வேலை முடிந்ததும் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். ஊரைவிட்டு வந்ததிலிருந்து மலச்சிக்கல், வயிறு கல்லாகிவிட்டது. டாக்டர் இளவயது, படபடவென்று பேசினார். கைப்பையைக் கொட்டச் சொல்லி மாத்திரைகளைப் பார்த்தார்.

"இது எதுக்கு, இதுவும் வச்சிருக்கீங்க?" என்று பழைய அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"அவசரத்துக்கு."

"ஒரு அவசரத்துக்கும் வேணாம். ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது. ரெண்டையும் சேத்துப் போட்டா வயிறு சுத்தமா நின்னுடும், மூத்திரமே வராம அடைச்சிக்கக்கூடும். இன்னொண்ணு, யாராவது சொன்னாங்களா? இந்த வகை மாத்திரை எச்சிலை மட்டும் இல்லை, வேர்வையையும் நிறுத்தும். இந்த வெயில்ல வேர்க்கலைன்னா உடம்புச் சூடு எங்க போகும்? நீங்க உலைக்கிட்ட நிக்கிறவங்க. ஜாக்கிரதையா இருங்க. தண்ணிய நிறுத்தாதீங்க, டீய நிறுத்துங்க."

கண்ணில் அழுத்த நோய் உண்டா என்று கேட்டார். அது இருந்தால் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாதாம். இதைவிடப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அதிலும் வாய் காயும், கொஞ்சம் குறைவாக என்றார். இடுப்புத் தசையை இறுக்கி விடுகிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மணி பார்த்துப் போய், இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பையைப் பழக்கச் சொன்னார். ஈப்போ டாக்டர் ஏன் இதையெல்லாம் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரம். தேவகி வெளியே பெஞ்சில் இருந்தாள், இதில் ஒன்றும் அவள் காதில் விழவில்லை. தொழிற்சாலைக்குத் திரும்பியதும் பழைய அட்டையை எடுத்து மானேஜர் அறைக் குப்பைக்கூடையில் போட்டேன். விட்டது சனியன் என்று நினைத்தேன்.

நல்ல பொருளைக் குப்பையில் கிடக்க விட இந்தப் பெண்களுக்கு மனசு வராது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சோதனை நாள் விடிந்தது. காலையில் என் மாத்திரையைப் போட்டேன், டீயைத் தொடவில்லை, மானேஜர் முகம் வாடினால் வாடட்டும். முதல் வால்வில் அழுத்தம் ஏற்றினார்கள். நான் மானிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முள் அசையவில்லை. என் பையும் ஆச்சரியமாகச் சும்மா இருந்தது. பாதி நேரத்துக்கு மேல் போய்விட்டது. இந்த முறை பிழைத்தேன் என்று உள்ளுக்குள் குலதெய்வத்துக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது கோர் செக்ஷன் பக்கமிருந்து கூச்சல். "ஐயோ, அஞ்சல வுயுந்துட்டா! அஞ்சல வுயுந்துட்டா!"

எல்லாரும் ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் கண் முள்ளில்தான் இருந்தது. மயக்கமாக இருக்கும், வெயில், தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவாள். இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது ஒரு பெண் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டே இன்னொருத்தியிடம் சொன்னாள்: "ஒடம்பு நெருப்பா கொதிக்குதுடி, ஒரு பொட்டு வேர்வ இல்ல!"

வேர்வை இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்து ஓடினேன். சோதனை போயிற்று.

அஞ்சலை இருபத்தைந்து வயதுப் பெண். சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். முகம் சிவந்து தோல் வறண்டு இருந்தது. கண்ணைத் திறந்து என்னென்னவோ உளறினாள். மின்விசிறியை மறைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. தேவகி அவள் தலையை மடியில் வைத்துத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் தேவகியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன கொடுத்தே? என் மாத்திரையா?"

"குப்பல கெடந்துச்சு மேடம். நல்லா கீற மாத்திரைய ஏன் வீணாக்கணும்னு எட்தாந்து ஆளுக்கு ஒண்ணு குட்தேன். அவளுக்கு இன்னிக்கி டபுள் ஷிப்டு, அதான் மூணா போட்டுக்கினா." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அடக்கிக்கினு வேல பாக்கலாம்னுதான் மேடம்."

திட்டு வாய்வரை வந்தது. திட்ட நேரம் இல்லை. கூட்டத்தை விலக்கி, சேலையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். மானேஜர் ஓடி வந்து, "என்ன மேடம், என்ன மாத்திரை, யாரு மாத்திரை?" என்றார். கூட்டத்துக்கு வந்திருந்த ஆண்கள் எல்லாரும் அவர் பின்னால். மூடி மறைக்க ஒரு வழியும் இல்லை. மூடுவதற்கு எனக்கு மனசும் இல்லை.

"என் மாத்திரை. எனக்கு மூத்திரம் நிற்காது, அதுக்குப் போடுற மாத்திரை. உங்க பெண்களுக்குப் போக இடம் இல்லை, அதனால அடக்குறதுக்குப் போட்டிருக்காங்க. இந்த மாத்திரை வேர்வையை நிறுத்திடும். காரைக் கொண்டுவரச் சொல்லுங்க!"

அத்தனை ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். சீனு மட்டும்தான் பார்க்கவில்லை, அவர் அதற்குள் காரைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தார். வழி நெடுக அஞ்சலை மேல் ஈரத்துணி போட்டு, உளறுகிறவளுக்குப் புரையேறிவிடும் என்று அவள் வாயில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொண்டேன். இதற்கு முன் ஓர் அவசரத்துக்கும் வளைந்து கொடுக்காத அந்த நெடுஞ்சாலை லாரிகளை, சீனு தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டி ஒதுக்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். மாத்திரை போட்டுக்கொண்ட மற்றப் பெண்களையும் வேலையை நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று மானேஜருக்குப் போன் போட்டேன். அஞ்சலைக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பு குளிர்ந்தது. ஆனால் பை நிறைந்து அடைத்துக்கொண்டு, குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் அடக்க வேண்டும் என்று நினைத்தாள், அடைத்தே போயிற்று. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பயத்திலா கோபத்திலா என்று கேட்டால், கோபத்தில்.

மறுநாள் காலை அஞ்சலை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லி கல்லாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குறையைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன். மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அதையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு டவுட்டு. அந்த மாத்திரை ஹீட்லதானே ஆவாது? பேக்கிங் செக்ஷன் ஏசிதான். அங்க இருக்குற லேடீஸுக்குக் குடுக்கலாமா? டாக்டர வெச்சே குடுக்கலாம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மூத்திரம் போக ஓர் அறையைத் திறந்துவிடுவதைவிட, ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் மாத்திரை கொடுப்பது இந்த மனிதருக்குச் சுலபமாகத் தெரிகிறது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"சுந்தரம் சார், எனக்குப் பையில கோளாறு, அதனால மாத்திரை. உங்க பெண்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அந்தப் பூட்டுல இருக்கு. அதைத் திறங்க. திறந்த பிறகுதான் நான் மானிக்கு முன்னால உட்காருவேன். இது என் வேலை இல்லைன்னு எனக்குத் தெரியும். என் மேலாளர்கிட்ட நீங்க புகார் சொல்லலாம். வேணாம், நானே சொல்லிக்கிறேன்."

அவர் எதிரிலேயே ஈப்போவுக்குப் போன் போட்டேன். சோதனை மறுபடி நடுவில் நின்றது என்றேன். மேலாளர் பெருமூச்சு விட்டார். பெண் விழுந்ததைச் சொன்னேன். பூட்டைச் சொன்னேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, போன தடவை ஏன் ஓடினேன் என்பதையும் சொன்னேன். இதோடு முடிந்தது, மேசைக்குப் பின்னால்தான் இனி வாழ்க்கை என்று நினைத்தேன். அவர் கேட்டார்: "இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? அங்கே தரக்கட்டுப்பாட்டு ஆள் ஒருவர் இருப்பாரே, அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் போய்வரும்வரை அவர் முள்ளைப் பார்க்கட்டும். நான் எழுதி அனுப்புகிறேன்." அவ்வளவுதான்! இத்தனை காலம் எச்சில் இல்லாமல், ரொட்டியைக் காகித அட்டை மாதிரி மென்று, நான் பட்ட பாட்டுக்கு விடை ஒரு நாற்காலி. அன்று மாலை அப்படித்தான் சோதனையை நடத்தினோம். நடுவில் ஒரு முறை போய்வந்தேன். வால்வு ஒழுகவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் பூட்டு. சாவியைக் காணவில்லை, வழக்கம்போல. கடப்பாரை வந்தது. உள்ளே பெயின்ட் டப்பாக்கள், மரப்பெட்டிகள், கிழிந்த தார்ப்பாய், ஒரு பழைய சைக்கிள். கோர் செக்ஷன் பெண்கள் யாரும் சொல்லாமலே கைமாற்றிக் கைமாற்றி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். குழாயைத் திருகினால் முதலில் துரு வந்தது, அப்புறம் தண்ணீர் வந்தது. ஒருத்தி சத்தம் போட்டுச் சிரித்தாள். தேவகி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். வேலை நேரத்தில் தண்ணீர்! அவர்கள் அண்ணாந்து குடிப்பதைப் பார்க்கப் பார்க்க என் பை விழித்துக்கொண்டது. மாத்திரையாவது மண்ணாங்கட்டியாவது, இப்போதே, இப்போதே என்று கூச்சல் போட்டது. முன்னால் நீளமான வரிசை.

நான் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைத் தேவகி பார்த்துவிட்டாள். "யக்கா, இன்னா நின்னுக்கினு கீற? நீ மின்னாடி போ. ஏய், வழி வுடுங்கடி!" வரிசை இரண்டாகப் பிரிந்தது. பல வருஷமாக அந்தக் கதவுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். மரியாதைக்காவது ஒரு தடவை, வேண்டாம்மா, நீங்க போங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓடினேன்.